சைக்கிள் மீட்டர் வேகத்தை எங்கிருந்து எடுக்கிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் பக்கம் காலையில் சைக்கிள் பயிற்சிக்குக் கிளம்பும் இளைஞர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: எந்த வயர்லெஸ் மீட்டர் வாங்கலாம்? விலையைப் பார்க்கும் முன், அந்த மீட்டர் வேகத்தை எங்கிருந்து எடுக்கிறது என்று பாருங்கள். சக்கரத்திலிருந்தா, செயற்கைக்கோளிலிருந்தா? செம்பனைத் தோட்டங்களுக்குள் ஓட்டுகிறவருக்கு இதிலேயே பாதி முடிவு கிடைத்துவிடும்.

சக்கரக் கணக்கு எளிது. சக்கரக் கம்பியில் ஒரு சின்னக் காந்தம், முன் ஃபோர்க்கில் ஒரு சென்சார். சென்சாருக்குள் ஒரு கண்ணாடிக் குழாய். அதில் தொட்டும் தொடாமலும் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். காந்தம் கடக்கும் ஒவ்வொரு முறையும் தகடுகள் ஒட்டிப் பிரியும். ஒரு சுற்று முடிந்தது என்று கணக்கு. 25 அளவு ரேஸ் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2105 மில்லிமீட்டர். நொடிக்கு 4 சுற்று என்றால் 8.42 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். புதிய சென்சார்களுக்குக் காந்தமே வேண்டாம். சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பில் கட்டிவிட்டால் சுழற்சியைத் தானே உணர்ந்துகொள்ளும். செம்மண் சேற்றில் ஓட்டும்போது காந்தம் நகர்ந்துவிட்டதோ என்ற கவலை இல்லை. என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் சுற்றளவைத் தப்பாகக் கொடுத்தால் எல்லாமே தப்பு. 28 டயருக்கு 2136 வேண்டும். மாற்றாமல் 2105 என்றே விட்டால், 100 கிலோமீட்டர் ஓட்டியும் திரையில் 98.5தான் வரும். அட்டவணையைவிட நாமே அளப்பது மேல். வழக்கமான காற்றை அடித்து, டயரில் ஓரிடத்தில் ஈரச் சாக்பீஸால் கோடு போட்டு, சைக்கிளில் உட்கார்ந்தபடியே உருட்டுங்கள். தரையில் பதியும் இரண்டு கோடுகளுக்கு இடையே உள்ள தூரம்தான் சுற்றளவு. ஆள் உட்காராவிட்டால் டயர் அமுங்காது, அளவு கொஞ்சம் கூடிவிடும்.

ஜிபிஎஸ் மீட்டர், 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் அலைகளைக் கொண்டு நம் இடத்தையும் வேகத்தையும் கணிக்கிறது. திறந்த சாலையில் சில மீட்டர் பிசகு இருந்தாலும் குறை சொல்ல முடியாது. செம்பனை மட்டைகள் கவிந்த பாதையில், அதுவும் மழை விட்டு ஓலை நனைந்திருக்கும்போது, கதை வேறு. அலை மெலிந்துபோகும், மரங்களில் பட்டுத் தெறித்தும் வரும். தெறித்த அலை சுற்றி வருவதால் தாமதமாகும். அந்தத் தாமதத்தை மீட்டர் தூரமாக எண்ணிவிடும். கால் சீராக மிதிக்க, திரையில் வேகம் மட்டும் ஏறி இறங்கும். நெடுந்தூர ஓட்டத்தில் இது பெரிதாகத் தெரியாது. 30 நொடி முழு வேகம், 1 நிமிடம் இளைப்பாறல் என்று பயிற்சி செய்கிறவருக்கு இது பெரிய தொல்லை.

சரி, வயர்லெஸ் பகுதிக்கு வருவோம். மலிவான மீட்டர்களில் பழைய அனலாக் முறைதான். சென்சார் வெறும் துடிப்பை மட்டும் அனுப்பும். யார் அனுப்பியது என்ற அடையாளம் அதில் இருக்காது. நம் ஊரில் காலை 7 மணி வரை இருட்டு, ஆகவே ஹேண்டில்பாரில் எல்இடி விளக்கு கட்டாயம். சில விளக்குகளின் மின்சுற்று கிளப்பும் இரைச்சலை இந்த மீட்டர் சக்கரத் துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். சைக்கிள் நின்றிருக்கும், திரையில் வேகம் ஓடும்! ஆன்ட் பிளஸ், புளூடூத் இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் டிஜிட்டல் முறைகள். ஒவ்வொரு சென்சாருக்கும் தனி எண் இருப்பதால் பக்கத்துச் சைக்கிளின் கணக்கு நம் திரைக்கு வராது. முதல் முறை இணைக்கும்போது மட்டும் வீட்டிலேயே இணைத்துவிடுங்கள். கூட்டம் கூடும் இடத்தில் தேடினால் அடுத்தவர் சென்சார்களும் பட்டியலில் வரும்.

பயிற்சிக்கு வேகம் மட்டும் போதாது. நம் புழுக்கத்தில் ஒரே வேகத்தில் ஓட்டினாலும், நேரம் ஆக ஆக இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். வியர்வையில் நீர் குறைகிறது. உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் இரத்தம் போக வேண்டியிருக்கிறது. அதனால் இதயத் துடிப்பை அளக்கும் மார்புப் பட்டையையும் ஏற்கும் மீட்டராக வாங்குங்கள். பட்டையின் மின்முனைகளை நனைத்துக் கட்டினால்தான் ஆரம்பத்திலேயே சரியாகப் பிடிக்கும். மிதிக்கும் திறனை வாட்டில் சொல்லும் பவர் மீட்டர் நல்ல கருவிதான், விலை அதிகம், பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

பட்ஜெட் இடம் கொடுத்தால் ஜிபிஎஸ் மீட்டரோடு ஹப் சென்சாரையும் சேர்த்து வாங்குங்கள். பல மீட்டர்கள் சென்சார் இணைந்ததும் வேகத்தைச் சக்கரத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும்; ஜிபிஎஸ் வழித்தடத்தைப் பதியும். வாங்கப்போகும் மீட்டரும் அப்படிச் செய்கிறதா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள்.