திதி வெண்பா

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்த 31ஆம் நாள் நடக்கும் அந்தியேட்டிச் சடங்குக்குப் போனால் கையில் ஒரு சிறு புத்தகம் தருவார்கள். பெயர் கல்வெட்டு, கல்லும் இல்லை, வெட்டும் இல்லை, எல்லாம் அச்சுத்தான். இறந்தவரின் படம், தேவார திருவாசகம், வாழ்க்கை வரலாறு, மக்கள் புலம்பல், நன்றி நவிலல் என்று போகும் அந்தப் புத்தகத்தின் முன்பக்கத்தில் நாலு வரிச் செய்யுள் ஒன்று இருக்கும். அதுதான் திதி வெண்பா. 'திதி நிர்ணய வெண்பா' என்று போடுவோரும் உண்டு.

திதி வடசொல். சூரியனை விட்டுச் சந்திரன் 12 பாகை விலகினால் ஒரு திதி. அமாவாசையிலிருந்து பூரணை வரை 15, திரும்பி வர 15. நிலவின் வேகம் சீராக இல்லாததால் ஒரு திதி ஏறத்தாழ 19 மணி நேரத்திலும் முடியும், 26 மணி நேரமும் நீளும். உயிர் பிரிந்தபோது நின்ற திதியில்தான் ஆண்டுதோறும் படையல். "அப்புவின்ரை திதி எப்ப?" என்று கேட்டால் பஞ்சாங்கத்தைப் புரட்டுவதும் அதனால்தான்; ஆங்கிலத் தேதி அங்கே உதவாது. வெண்பாவாகக் கட்டிவைத்தால் பேரப்பிள்ளைக்கும் மனப்பாடமாகிவிடும்.

இதே எழுத்தில் இன்னொரு திதியும் உண்டு. சிருட்டி, திதி, சங்காரம் என்று சைவ நூல்கள் சொல்லும் திதி, 'ஸ்திதி' என்பதன் திரிபு. நிலைபெறல் என்று பொருள். இரண்டையும் குழப்பக்கூடாது.

வடிவம் பெரும்பாலும் நேரிசை வெண்பா. முதல் மூன்று அடிகளில் நாலு நாலு சீர், ஈற்றடியில் மூன்று. இரண்டாம் அடியின் நாலாம் சீர் தனிச்சொல். அது முதலிரண்டு அடிகளின் எதுகையைப் பெறும். மெய்யை விட்டுப் பார்த்தால் தனியெழுத்து நேரசை, குறிலோடு இன்னோர் எழுத்துச் சேர்ந்தால் நிரையசை. ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம்; மூவசைச் சீர் நேரில் முடிந்தால் காய், நிரையில் முடிந்தால் கனி. மாச்சீருக்குப் பின் நிரை, விளத்துக்குப் பின் நேர், காய்க்குப் பின் நேர்; சீரும் சீரும் இப்படி இணைவதுதான் தளை. கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் ஓசை அமைப்புகளுள் ஒன்றாக வேண்டும். மாதிரிக்கு நான் கட்டியது:

ஆண்டு குரோதியில் ஆவணித் திங்களில்
மீண்டு வளர்பிறைப் பஞ்சமியில் – வேண்டும்
உறவெலாம் வாட உலகு துறந்தார்
அறவழி நின்ற அவர்.

'அவர்' இருக்கும் இடத்தைச் சுற்றி ஊரும் பேரும் வர வேண்டும். அதைப் புலவர் பார்த்துக்கொள்வார். ஆண்டு, மாதம், பிறை, திதி நான்கும் முதலிரண்டு அடிக்குள் அடங்கிவிட்டன என்பதைக் கவனியுங்கள்.

பஞ்சமி நல்ல பிள்ளை. கூவிளமாக வந்து உட்கார்ந்துவிடும். ஏகாதசிதான் வம்பு. ஏ, கா, தசி: நேர் நேர் நிரை, தேமாங்கனி. வெண்பாவில் கனிச்சீருக்கு இடமில்லை. திரயோதசியும் அப்படியே, புளிமாங்கனி. புலவர்கள் 'திரயோ தசியில்' என்று சொல்லை இரண்டு சீராக வெட்டிவிடுவார்கள். ஓசைக்காகச் சொல்லை இப்படிப் பிளப்பதற்கு வகையுளி என்று பெயர். கேட்க இடறினாலும் இந்த இடத்தில் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. திதியை மாற்றி எழுத முடியுமா என்ன? தளை தட்டுகிற வெண்பாவை அச்சேற்றுவதுதான் எனக்குப் பொறுக்காதது. நாலு வரியைத் தளை பார்க்காமல் மடக்கிப் போட்டால் அது வெண்பா ஆகாது. 'நினைவுப் பா' என்று தலைப்பிட்டால் ஒருவரும் குறை சொல்லார்.

இந்த வடசொற்களுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? பூர்வபக்கத்துக்கு வளர்பிறையும் அபரபக்கத்துக்குத் தேய்பிறையும் ஏற்கெனவே வழக்கில் உள்ளன. இன்றைய பிள்ளைக்கும் விளங்கும். திதிக்குப் 'பிறைநாள்' என்பேன். முழுத்தொடர் 'பிறைநாள் வெண்பா'. 'நினைவு வெண்பா' அழகுதான், ஆனால் நாளைக் குறிக்கும் வேலை அதில் இல்லை. பஞ்சமி, சதுர்த்தசி போன்ற பெயர்களைத் தொடாமல் விடுவதே நல்லது. ஐயர் பஞ்சாங்கத்தில் தேடப்போவது அந்தப் பெயரைத்தான்.

ஆண்டுப் பெயருக்கும் அதே கதை. 2025 சித்திரையில் பிறந்த விசுவாவசு புளிமாங்கனி. 'விசுவா வசுவில்' என்று வெட்டித்தான் ஆகவேண்டும். அதற்கடுத்த பராபவ கருவிளம், கத்தி தேவையில்லை.