ரத்தப் பையில் எதைச் சோதிக்கிறார்கள், எதைச் சோதிப்பதில்லை

"டெஸ்ட் பண்ணின ரத்தம்தானே?" மதுரை பெரியாஸ்பத்திரி முதல் உசிலம்பட்டி நர்சிங் ஹோம் வரை நோயாளியின் வீட்டார் கேட்பது இது. ஆமாம், தானமாக வந்த ஒவ்வொரு பைக்கும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா என ஐந்து சோதனைகள் கட்டாயம். சட்டத்தின் கண்ணில் ரத்தமும் ஒரு மருந்துதான். உரிமம் இல்லாமல் சேமித்து விநியோகிக்க முடியாது.

பாக்டீரியா அந்த ஐந்தில் இல்லை. ஒவ்வொரு பையையும் கல்ச்சர் வைத்து, அதாவது கிருமி வளர்கிறதா என்று ஆய்வகத்தில் வைத்து, பார்க்கும் கட்டாயம் நம் நாட்டில் கிடையாது. கிருமி பெரும்பாலும் கொடையாளரின் தோலிலிருந்தே வருகிறது. ஊசி போடும் இடத்தைச் சரியாகத் துடைக்காவிட்டால் பைக்குள் போய்விடும். காய்ச்சலையோ சாப்பிட்டுவரும் ஆன்டிபயாடிக்கையோ முகாமில் மறைத்தாலும் ஆபத்துதான்.

சிவப்பணுக்கள் 2 முதல் 6 டிகிரி குளிரில் இருப்பதால் பெரும்பாலான கிருமிகள் அதில் எளிதில் பெருகாது. ரத்தம் உறைய உதவும் தட்டணுவான பிளேட்லெட் அப்படியில்லை. 20 முதல் 24 டிகிரியில், ஆட்டிக்கொண்டே வைக்க வேண்டும். கிருமிக்கும் அந்தச் சூடு ஒத்துப்போகும். வழக்கமான 5 நாள் கெடுவுக்கு முக்கியக் காரணமே இதுதான். டெங்கு சீசனில் "பிளேட்லெட் ஏத்துங்க டாக்டர்" என்று நெருக்குபவர்கள் இதை யோசிக்கலாம். எண்ணிக்கை குறைந்த எல்லோருக்கும் அது தேவைப்படாது.

வீட்டாரையே அனுப்பிப் பையை வாங்கிவரச் சொன்னால், சிவப்பணுவுக்குக் குளிர்பெட்டி கேட்டு வாங்குங்கள். சித்திரை வெயிலில் வெறும் கேரிபேக்கில் கொண்டுவருவது தப்பு. பிளேட்லெட்டை மட்டும் ஐஸில் வைக்கக் கூடாது. வார்டுக்கு வந்ததும் தாமதிக்காமல் ஏற்றத் தொடங்கி, 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். சூடாகட்டும் என்று வெந்நீரில் போடவே கூடாது.

ஏற்றும்போது குளிர் நடுக்கம், காய்ச்சல், மூச்சுத்திணறல், முதுகுவலி வந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். "லேசான காய்ச்சல்தானே" என்று காத்திருக்க வேண்டாம். ரத்தத்தை நிறுத்தியதும் பையையும் டியூபையும் குப்பையில் போடாமல் ரத்த மையத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அதில் கல்ச்சர் செய்தால்தான் காரணம் தெரியும்.

இப்படிப்பட்ட எதிர்விளைவுகளைப் பதிவுசெய்ய 2012 டிசம்பரில் தொடங்கிய தேசியத் திட்டம் இருக்கிறது. நொய்டாவில் உள்ள தேசிய உயிரியல் நிறுவனம் அதை ஒருங்கிணைக்கிறது. அங்கே தகவல் அனுப்ப வேண்டியது மருத்துவமனை. "ரிப்போர்ட் அனுப்பினீங்களா?" என்று கேட்பதில் தவறில்லை. பை எண் கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டதா என்றும் பார்த்து, நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் புகார் என்று வந்தால் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.