12 வால்வா, 24 வால்வா: 5.9 லிட்டர் கம்மின்ஸின் ஆயுள் எங்கே இருக்கிறது

டீசல் இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டுவதே என் தொழில் என்பதால், பழைய டாட்ஜ் ராம் டிரக் வாங்கப் போகிறவர்கள் தவறாமல் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார்கள்: அதிலுள்ள கம்மின்ஸ் டீசல் இன்ஜினில் 12 வால்வு (சிலிண்டருக்கு இரண்டு) அதிக நாள் உழைக்குமா, 24 வால்வா (சிலிண்டருக்கு நான்கு)? பாதிப்பேர் பதிலையும் கையோடு கொண்டுவருவார்கள். 12 வால்வுக்குச் சாவே இல்லை என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்த முடிவு பெரும்பாலும் சரிதான். ஆனால் பழைய இரும்பு கெட்டி என்று அதற்குச் சொல்லப்படும் காரணம் தவறு. அதை நம்பி வாங்குகிறவர் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்.

இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். வரிசையாக ஆறு சிலிண்டர், 102 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 120 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), கிராங்கைத் தாங்கும் ஏழு மெயின் பேரிங், செயினோ பெல்ட்டோ இல்லாமல் பல்சக்கரத்திலேயே ஓடும் டைமிங், சிலிண்டருக்குள் தனியாகச் செருகும் குழாயான லைனர் இல்லாத பிளாக். 1989 முதல் 1998-ன் நடுப்பகுதி வரை இந்த டிரக்கில் 12 வால்வு வந்தது, அதன்பின் 24 வால்வு. கிராங்க், பேரிங், போர் தேய்மானத்தில் இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் எதையும் நான் கண்டதில்லை.

வித்தியாசம் சிலிண்டர்களுக்கு டீசலை அழுத்தித் தள்ளும் பம்ப்பில் இருக்கிறது. 1994 முதல் 12 வால்வில் வந்த பாஷ் பி7100 இன்லைன் பம்ப்பில் மின்னணுச் சுற்று கிடையாது. அதன் கேம் பகுதிக்கு இன்ஜின் ஆயிலே போகிறது, அதற்கு டீசல் ஊட்டும் ஃபீடு பம்ப்பையும் இன்ஜினின் கேம் தண்டே இயக்குகிறது. 24 வால்வில் 2002 வரை வந்த விபி44 ரோட்டரி பம்ப்புக்கோ தனக்குள் ஓடும் டீசல்தான் மசகு, அதுவே குளிர்ச்சி. டீசல் ஊட்டும் மின்சார ஃபீடு பம்ப் தளர்ந்துபோனாலும் விபி44 தானே உறிஞ்சிக்கொண்டு வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கும். உள்ளே அது வறண்டு தேய்வது ஓட்டுகிறவருக்குத் தெரியாது.

ஒருமுறை ஒருவர் வந்தார்: வேறொரு ஒர்க்‌ஷாப்பில் புது விபி44 மாட்டிச் சில மாதங்கள்தான் ஆகின்றன, மறுபடியும் இழுவை இல்லை என்றார். பம்ப்புக்கு வரும் லைனில் பிரஷர் கேஜ் மாட்டினேன். வண்டி நின்றபடி இன்ஜின் மெதுவாக ஓடும் ஐடிலில் முள் 6 பி.எஸ்.ஐ.யில் (அழுத்த அளவு) நின்றது, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. புதுப் பம்ப்பைப் பூட்டியவர் பழைய ஃபீடு பம்ப்பைத் தொடவே இல்லை. ஓடும்போது 10-க்குக் கீழே இறங்க விடக்கூடாது என்பது எங்கள் தொழிலில் வழக்கமான கணக்கு. டாஷ்போர்டில் நிரந்தரமாக ஒரு கேஜ் இருந்திருந்தால் இரண்டாவது பம்ப் பிழைத்திருக்கும்.

அதற்காக 12 வால்வைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடவும் முடியாது. டைமிங் பல்சக்கரங்களை மூடியிருக்கும் கேஸை பிளாக்கோடு சரியாகப் பொருத்தும் டவல் பின் என்ற சிறிய இரும்பு முளை ஒன்று அதிர்வில் மெல்ல மெல்ல வெளியே நகர்ந்து, ஒருநாள் பல்சக்கரங்களுக்கு இடையே விழுந்து கேஸையே உடைத்துவிடக்கூடும். முற்கால 24 வால்விலும் இந்தப் பின் உண்டு. முன்மூடியைக் கழற்றி விரல் நுனியால் தடவினாலே அது துருத்திக்கொண்டிருக்கிறதா என்று தெரியும்; உள்ளே தட்டி, பக்கத்து போல்ட்டின் கீழ் ஒரு சிறு தகட்டை மறிப்பாக வைத்தால் பிறகு நகராது. எந்த வேலைக்காக மூடியைக் கழற்றினாலும் இதையும் சேர்த்து முடித்துவிடுவது என் வழக்கம்.

பிளாக்கும் கிராங்கும் அடங்கிய கீழ்ப்பாதியில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றதற்கு ஒரு விலக்கும் உண்டு. 1998-க்கும் 2002-க்கும் இடையே வந்த 24 வால்வு பிளாக்குகளில் சிலவற்றின் பக்கவாட்டில் 53 என்ற எண் பெரிதாக வார்க்கப்பட்டிருக்கும். அவற்றில் கூலன்ட் ஓடும் அறையின் சுவர் மெல்லியது. கிடைமட்டமாக விரிசல் விட்டுக் கூலன்ட் கசிந்த கதைகள் இந்த பிளாக்குகளுக்குத்தான் அதிகம். 53 என்று பார்த்தவுடனே வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை, எல்லாமே விரிசல் விடுவதில்லை. ஆனால் பிளாக்கின் இரண்டு பக்கங்களையும் துடைத்து, நன்றாகச் சூடேறும் வரை ஓட்டிவிட்டு வந்து, டார்ச் அடித்து மறுபடியும் பார்க்க வேண்டும். கூலன்ட் காய்ந்த வெண்மையான கோடு ஒன்று தெரிந்தாலும் விலையைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் திரும்பிவிடலாம்.