கால்வாய்க் கரையில் கிடைத்த பூங்கா

சிங்கப்பூரின் மொத்தப் பரப்பு சுமார் 730 சதுர கிலோமீட்டர். வீடு, தொழிற்சாலை, விமான நிலையம், துறைமுகம், ராணுவப் பயிற்சித் திடல், குடிநீர்த் தேக்கம் எல்லாம் இதற்குள்தான். மற்ற ஊர்களில் இடத்தை அடைக்கும் வேலைகளை ஊருக்கு வெளியே தள்ளிவிடலாம். இங்கே ஊருக்கு வெளியே என்றால் கடல். இப்படிப்பட்ட இடத்தில், தீவிலுள்ள பூங்காக்களை நடைபாதைகளால் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும் என்ற யோசனை 1980களின் கடைசியில் எழுந்தது. 1991இல் அரசுக் குழு ஒப்புதலும் தந்துவிட்டது. சரி, நிலத்துக்கு எங்கே போவது?

விடை மழையில் இருந்தது. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஒன்றிரண்டு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற ரகம். அந்தத் தண்ணீரைச் சட்டென்று கடத்திவிட ஊர் முழுக்கக் கான்கிரீட் கால்வாய்கள் வெட்டியிருந்தார்கள். தூர்வாரும் வண்டிகள் வந்துபோகவும், பின்னாளில் அகலப்படுத்தவும், கால்வாய்க் கரையோரம் ஒரு பட்டை நிலத்தைச் சும்மா விட்டுவைப்பது வழக்கம். வண்டி எப்போதாவதுதான் வரும். மற்ற நாளெல்லாம் அந்த நிலம் வெறுமனே கிடக்கும். அதன்மேல் பாதை போட்டார்கள். 1992இல் காலாங் ஆற்றோரம் முதல் பூங்கா இணைப்புப் பாதை திறக்கப்பட்டது. 2015 வாக்கில் மொத்த நீளம் 300 கிலோமீட்டரைத் தொட்டது. 2030க்குள் 500 கிலோமீட்டர் என்பது இலக்கு.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் நிலம் இரவல்தான், சொந்தக்காரர் கால்வாய். தூர்வாரும் வண்டியின் எடையைத் தாங்கும்படி பாதையின் அடித்தளம் இருக்க வேண்டும். கால்வாய்ச் சுவரை வேர் பிளந்துவிடும் என்பதால் கரையை ஒட்டிப் பெரிய மரம் நட முடியாது. கால்வாய் ஒரு பெரிய சாலையின் அடியில் நுழையும் இடத்தில் பாதை என்ன செய்யும்? மேலே ஏறி சிக்னலில் காத்திருக்கலாம், அல்லது கால்வாயோடு சேர்ந்து பாலத்துக்கு அடியில் குனிந்து போகலாம். குனிந்து போனால் சைக்கிள்காரருக்கு நிற்காத பயணம். ஆனால் பெருமழையில் முதலில் முழுகுவதும் அந்த இடம்தான். வரைபடத்தில் ஒரே கோடாகத் தெரிகிற பாதை, தரையில் இப்படிச் சாலைக்குச் சாலை பேரம் பேசித்தான் நீள்கிறது.

எவ்வளவு பூங்கா இருந்தால் ஒரு ஊருக்குப் போதும்? இதற்குப் பழைய அளவுகோல் தலைக்கணக்கு. 2009இல் சிங்கப்பூர் வைத்த இலக்கு 1,000 பேருக்கு 0.8 ஹெக்டேர், அதாவது தலைக்கு 8 சதுர மீட்டர். இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. ஊரின் ஒரு கோடியில் பிரம்மாண்டமான பூங்கா ஒன்றை வைத்துவிட்டாலும் சராசரி அழகாக வந்துவிடும். மறுகோடியில் இருக்கும் பாட்டிக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அதனால் 2013இன் நிலப் பயன்பாட்டுத் திட்டம் தூரத்தைப் பிடித்துக்கொண்டது. 2030க்குள் மிகப் பெரும்பாலான வீடுகளிலிருந்து 400 மீட்டருக்குள் ஒரு பூங்கா இருக்க வேண்டும் என்றார்கள். பின்னர் வந்த பசுமைத் திட்டம் அதையே, எல்லா வீடுகளிலிருந்தும் 10 நிமிட நடை என்று மாற்றிச் சொன்னது.

400 மீட்டர் நடக்கப் 10 நிமிடமா என்று தோன்றலாம். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடப்பவருக்கு 5 நிமிடம் போதும். ஆனால் வயதானவர் மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் நடந்தால் 8 நிமிடம். இடையில் ஒரு சிக்னல் இருந்தால் 10 ஆகிவிடும். அதைவிடப் பெரிய விஷயம், 400 மீட்டரை எப்படி அளக்கிறோம் என்பது. வரைபடத்தில் பூங்காவை மையமாக வைத்து 400 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால் சுமார் 50 ஹெக்டேர் உள்ளே வரும். ஆனால் மனிதர்கள் சுவரைத் துளைத்து நேர்கோட்டில் நடப்பதில்லை. தெருக்கள் கட்டம் கட்டமாகக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் பகுதியில், உண்மையிலேயே 400 மீட்டர் நடந்து வரக்கூடிய இடத்தைக் குறித்தால் வட்டம் சுருங்கி ஒரு சாய்சதுரமாகிவிடும். அதன் பரப்பு 32 ஹெக்டேர். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போகிறது! நடுவில் விரைவுச்சாலையோ வேலியோ வந்துவிட்டால் இன்னும் குறையும். அதனால் ஏற்கெனவே இருக்கிற பூங்காவின் பின்புற வேலியில் ஒரு கேட் திறப்பது, சில சமயம் புதிதாக ஒரு பூங்கா கட்டுவதற்குச் சமம். செலவோ அதில் ஒரு துளி. திறப்பு விழா நடத்தும் அளவுக்குக் கேட் பெரிய விஷயமில்லை என்பதால் இந்த வழி அடிக்கடி மறந்துபோகிறது என்று நினைக்கிறேன்.

இதுவரை பார்த்தது கால்வாய்க்குப் பக்கத்தில் பாதை. பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் கால்வாயையே பூங்காவுக்குள் இழுத்துவிட்டார்கள்.

62 ஹெக்டேர் பரப்புள்ள பூங்கா அது. அதன் ஓரமாகக் காலாங் ஆறு, 2.7 கி.மீ. நீளத்துக்கு நேரான கான்கிரீட் கால்வாயாக ஓடிக்கொண்டிருந்தது. கால்வாய்க்கு வயதாகிவிட்டது, புதுப்பிக்க வேண்டும். பூங்காவையும் புதுப்பிக்க வேண்டும். கால்வாய்களைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகமும் பூங்காக்களைக் கவனிக்கும் தேசியப் பூங்காக் கழகமும் இரண்டு வேலையையும் ஒன்றாக்கின. கான்கிரீட்டை உடைத்தெடுத்துவிட்டு, ஆற்றைப் பூங்காவின் நடுவே 3.2 கி.மீ. நீளத்துக்கு வளைந்து வளைந்து ஓடவிட்டார்கள். 2012இல் திறப்பு. உடைத்த கான்கிரீட்டில் ஒரு பகுதி பூங்காவுக்குள்ளேயே ஒரு குன்றாகிவிட்டது.

பார்க்கிறவர்கள் எல்லாரும் அந்த வளைவுகளைத்தான் புகழ்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு கதை. ஒரு வாய்க்கால் கடத்தும் நீரின் அளவு என்பது நீரின் குறுக்குப் பரப்பை வேகத்தால் பெருக்கினால் வருவது. வேகம் சரிவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதே உயர வித்தியாசத்தில் 2.7 கி.மீ. 3.2 ஆக நீண்டால் சரிவு 16 விழுக்காடு குறையும், வேகமோ 8 விழுக்காடுதான் குறையும். உண்மையில் வேகத்தை அடக்குவது கரடுமுரடு. புல், கல், செடி நிறைந்த ஆற்றுப் படுகை வழவழப்பான கான்கிரீட்டைவிட இரண்டு மூன்று மடங்கு உராய்வு தரும். ஆழமும் சரிவும் மாறாதபோது உராய்வு இரட்டித்தால் வேகம் பாதியாகும். வேகம் பாதியானால் அதே வெள்ளத்தைக் கடத்தக் குறுக்குப் பரப்பு இரட்டிக்க வேண்டும். அதாவது அகலம் வேண்டும். முன்பு 17 முதல் 24 மீட்டர் அகலமே இருந்த ஆறு, பெருமழையில் கிட்டத்தட்ட 100 மீட்டர் வரை விரிய இடம் கிடைத்தது. கொள்ளளவு சுமார் 40 விழுக்காடு கூடியது.

அந்த 100 மீட்டர் எங்கிருந்து வந்தது? பூங்காவின் புல்வெளிதான் அது. நல்ல நாளில் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள், மழை நாளில் ஆறு வந்து படுத்துக்கொள்ளும். இரண்டு பேருக்கும் நேரம் மோதாமல் பார்த்துக்கொள்ள நீர்மட்ட உணரிகள், எச்சரிக்கை விளக்குகள், சைரன்கள். ஆனால் கருவிகளைவிட நான் நம்புவது கரையின் சரிவை. பழைய கால்வாயில் தண்ணீர் ஏறினால் செங்குத்துச் சுவருக்கு நடுவே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். இங்கே நீர் ஏற ஏற, மெல்லச் சரிந்த புல்மேட்டில் நடந்தே மேலே வந்துவிடலாம்.

கான்கிரீட் இல்லாத கரை அரித்துப் போகாதா? அதற்குத்தான் முன்கூட்டியே, 2009இல், ஒரு சிறு ஓடையில் 60 மீட்டருக்குச் சோதனை செய்தார்கள். கற்கள், தென்னைநார் போன்றவற்றோடு செடிகளைச் சேர்த்து, வேரே மண்ணைப் பிடித்துக்கொள்ளும்படி செய்யும் முறைகளில் எது அந்த ஊர் மழைக்கு நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஆற்றில் கைவைத்தார்கள். பிறகு அங்கே நீர்நாய்க் குடும்பம் ஒன்று குடியேறி, செய்தித்தாள்களில் இடம்பிடிக்கும் அளவுக்குப் பேர் வாங்கிவிட்டது.

பாதைக்குத் திரும்புவோம். இணைப்புப் பாதையில் சைக்கிளுக்கு வேக வரம்பு மணிக்கு 25 கி.மீ. அது நொடிக்குச் சுமார் 7 மீட்டர். நடப்பவர் அதில் ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில் போவார். 14 மீட்டருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாத வளைவில், சைக்கிள்காரருக்கு மிஞ்சுவது 2 நொடி. அதனால் வளைவில் பூச்செடி வைப்பது அழகு, ஆனால் தாழ்வான பூச்செடியாக இருக்க வேண்டும்.

நிழல் இன்னும் சிக்கல். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து 1 பாகைதான் வடக்கே. ஆண்டு முழுக்கச் சூரியன் ஏறத்தாழக் கிழக்கில் எழுந்து தலைக்கு மேலே போய் மேற்கில் விழும். வடக்கு தெற்காக ஓடும் பாதைக்கு, காலையில் கிழக்குப் பக்க மரமும் மாலையில் மேற்குப் பக்க மரமும் நிழல் தரும். கிழக்கு மேற்காக ஓடும் பாதையிலோ வெயில் பாதையின் நீளவாக்கிலேயே வந்து முகத்தில் அடிக்கும். மரங்கள் பாதையின் மேலேயே கவிந்திருந்தால்தான் பிழைக்கலாம். சாலையோரங்களில் இதற்கு அவர்களுக்குக் கைகொடுத்தது நம்மூர்த் தூங்குமூஞ்சி மரம், குடையாக விரியும் ரகம். (நம்மூர் என்று உரிமை கொண்டாடினாலும் அதன் பூர்வீகம் அமெரிக்க வெப்பமண்டலம்.) கால்வாய்க் கரையில் அதற்கு இடமில்லை. கால்வாய் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதையும் பூங்காக்காரர் தீர்மானிக்க முடியாது. மதிய வெயிலில் இந்தப் பாதைகள் பல காலியாகக் கிடப்பதில் ஆச்சரியமில்லை.

இன்னொரு இரவல் நிலம் ரயிலிடமிருந்து வந்தது. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை ஓடிய மலாயா ரயில் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு நின்றது. மிஞ்சிய 24 கி.மீ. தடம் இப்போது நடைபாதை. ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் மேடு பள்ளங்களை வெட்டியும் நிரப்பியும் சமமாக்கியே தண்டவாளம் போடுவார்கள். முழங்கால் வலிக்காரருக்கும் சக்கர நாற்காலிக்கும் இப்படி ஒரு பாதையைப் புதிதாகப் போடுவதென்றால் செலவு எக்கச்சக்கம். குவீன்ஸ்டவுன் பக்கம் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில் இந்த ரயில்வேயில் வேலை பார்த்த நம்மவர்கள் தண்டவாளத்தருகே வைத்த சிறு குடிலாகத் தொடங்கியதுதான்.

இடத்தைப் பகிர்வதுபோல நேரத்தையும் பகிரலாம். பள்ளி விடும் நேரத்துக்குப் பிறகும் வார இறுதியிலும் பல பள்ளித் திடல்கள் அக்கம்பக்கத்தாருக்குத் திறந்துவிடப்படுகின்றன. புதுத் திடல் கட்டாமலே திடல் கிடைக்கிறது.

இந்தப் பகிர்வு செல்லாத இடம் காடு. 1986இல் முடிந்த புக்கிட் தீமா விரைவுச்சாலை இரண்டு வனப்பகுதிகளைப் பிரித்துவிட்டது. 2013இல் அதன்மேல் 62 மீட்டர் நீளத்துக்கு மண் நிரப்பி, மரம் நட்டு, ஒரு விலங்குப் பாலம் கட்டினார்கள். எறும்புத்தின்னி போன்ற கூச்ச சுபாவமுள்ள விலங்குகளுக்கானது. மனிதர்கள் நடமாடினால் அவை வராது என்பதால் அதில் நடைப்பயிற்சி கிடையாது.

கடைசியாக, இரவல் நிலத்தின் வட்டி. கனமழை கூடக் கூடக் கால்வாயை அகலப்படுத்த வேண்டிவரும். கரை நிலத்தை முதலில் விட்டுவைத்ததே அதற்காகத்தான். அப்போது பாதையை மாதக்கணக்கில் மூடுவார்கள், தடுக்க முடியாது. ஒரே கோடாக ஓடும் பாதையை நடுவில் வெட்டினால் அது இரண்டு துண்டாகிவிடும். வளையத்தை ஓரிடத்தில் வெட்டினால் எல்லா இடத்துக்கும் இன்னும் போகலாம், சுற்றிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். 2007இல் முடிந்த 42 கி.மீ. கிழக்குக் கரையோரப் பாதையை வளையமாக அமைத்தார்கள், தீவைச் சுற்றி வரத் திட்டமிட்ட 150 கி.மீ. பாதையும் வளையமே.