மலையில் பனி இருக்கும்போதே அடிவாரம் எரியும்

மார்ச் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரை என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது: “போன வாரம்தானே அரை அடி பனி கொட்டியது? மலையெல்லாம் இன்னும் வெள்ளையாகத்தானே இருக்கிறது? அப்புறம் எதற்குத் தீ எச்சரிக்கை?” அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இருக்கும் டென்வருக்குப் புதிதாகக் குடிவந்த நம் ஆட்களும் கேட்கிறார்கள், இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் கேட்கிறார்கள். நான் வானிலை முன்னறிவிப்பாளர். வசந்த காலத்தில் பனி, காற்று, தீ ஆகிய மூன்றையும் ஒரே நாள் அறிக்கையில் எழுதவேண்டியிருக்கிறது. பனி இருந்தால் தீ வராது என்ற எண்ணம்தான் இந்த மாதங்களில் மிகவும் ஆபத்தானது. பெரும்பாலும் இரண்டையும் கொண்டுவருவது ஒரே புயல்.

அது எப்படி என்று பார்ப்போம். வசந்தத்தில் ராக்கி மலைகளுக்கு மேலே மிக உயரத்தில் ஆறுபோல விரைந்தோடும் ஜெட் காற்று குளிர்காலத்து வேகத்தை இன்னும் இழந்திருக்காது. கீழே வெயிலோ ஏறத் தொடங்கியிருக்கும். பசிபிக்கிலிருந்து வரும் தாழ்வழுத்தம் மலைகளைத் தாண்டியதும் தென்கிழக்குக் கொலராடோ சமவெளியில் மறுபடி வலுப்பெறும். அதன் வடக்குப் பக்கத்தில் ஈரக்காற்று சுழன்று வந்து பனியாகக் கொட்டும். தெற்குப் பக்கத்தில், நியூ மெக்ஸிகோ, டெக்சஸ் பான்ஹேண்டில் (டெக்சஸின் வடமுனை), மேற்கு ஓக்லஹோமா வழியாக, பாலைவனத்துக் காற்று வறண்டு பாயும். ஒரே வரைபடத்தில் மேலே பனிப்புயல் எச்சரிக்கையும், கீழே இருநூறு மைல் தள்ளித் தீ எச்சரிக்கையும் இருப்பது எங்களுக்கு அதிசயமே இல்லை.

இன்னொன்றும் நடக்கிறது. மலையுச்சியைத் தாண்டிச் சரிவில் இறங்கும் காற்று அழுத்தப்பட்டுச் சூடாகும். ஆயிரம் அடி இறங்கினால் சுமார் ஐந்தரை டிகிரி ஃபாரன்ஹீட் கூடும். 12,000 அடியில் 25 டிகிரியாக இருந்த காற்று, 5,280 அடியில் இருக்கும் டென்வருக்கு வரும்போது 60-ஐத் தாண்டிவிடும். சூடு ஏறிய அளவுக்கு ஈரம் ஏறுவதில்லை. அதனால் ஈரப்பதச் சதவீதம் விழுந்துவிடும். வெளியே வந்து பார்த்தால் ஸ்வெட்டர் போடும் குளிர்தான், வெயில் இதமாக இருக்கும், தூரத்தில் மலை பளபளக்கும். அந்த நாளில்தான் புல் தீப்பிடிக்கத் தயாராக இருக்கிறது.

புல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காடு என்றதும் மரம்தான் நினைவுக்கு வருகிறது. வசந்தத் தீயில் முதல் குற்றவாளி புல். போன கோடையில் வளர்ந்து, குளிர்காலத்தில் செத்துக் காய்ந்து நிற்கிற புல். மே மாதம் புதுப்பச்சை வரும்வரை அது அப்படியேதான் நிற்கும். மெல்லிய தண்டு என்பதால் சுற்றியுள்ள காற்று வறண்டால் ஒரு மணி நேரத்துக்குள் தானும் வறண்டுவிடும். திங்கட்கிழமை பனி, செவ்வாய் உருகல், புதன் மதியம் தீ என்பது நடக்கக்கூடிய வரிசை. டென்வரில் ஆண்டின் மிக அதிகப் பனி விழும் மாதம் மார்ச். 2021 மார்ச் நடுவில் வார இறுதி ஒன்றில் மட்டும் 27 அங்குலம் கொட்டியது. இதே மாதத்தில்தான் சமவெளியில் புல்வெளித் தீ பருவமும் உச்சத்தை நோக்கிப் போகிறது.

ரெட் ஃப்ளாக் வார்னிங் என்று போனில் தீ எச்சரிக்கை வருகிறதே, அதில் வெப்பநிலைக்கு இடமில்லை. கொலராடோ அடிவாரப் பகுதியில் ஈரப்பதம் 15 சதவீதமோ அதற்குக் கீழோ போக வேண்டும், காற்று வீச்சு மணிக்கு 25 மைலையோ அதற்கு மேலோ தொட வேண்டும், அது சில மணி நேரம் நீடிக்க வேண்டும், புல்லும் புதரும் காய்ந்திருக்க வேண்டும். நாற்பத்தைந்து டிகிரி ஃபாரன்ஹீட் குளிரிலும் இவை பொருந்தி வரலாம். அதனால்தான் நான் எல்லோரிடமும் சொல்வது: வெயில் எவ்வளவு என்று பார்க்காதீர்கள், ஈரப்பதத்தையும் காற்றையும் பாருங்கள்.

பனிக்கும் தீக்கும் உள்ள உறவை 2022-ல் நியூ மெக்ஸிகோ கசப்பாகக் கற்றுக்கொண்டது. சாண்டா ஃபே தேசியக் காட்டில், பெருந்தீ வராமல் தடுப்பதற்காக வெட்டிப்போட்ட கிளைக் குவியல்களை வனத்துறை ஜனவரியில் எரித்தது. குளிர்காலத்தில், நிலம் ஈரமாக இருக்கும்போது எரிப்பதுதான் வழக்கம். குவியல் எரிந்து முடிந்தது, மேலே பனி விழுந்தது. அடியில் கங்கு சாகவில்லை. மூன்று பனிப்பொழிவுகள் அதன்மேல் வந்துபோயும் மண்ணுக்குள் கனன்றுகொண்டே இருந்து, ஏப்ரலில் பனி விலகிக் காற்று எழுந்ததும் வெளியே வந்தது. அதுதான் காஃப் கேன்யன் தீ. அதற்கு முன்பே, ஏப்ரல் 6 அன்று, பக்கத்தில் இன்னொரு திட்டமிட்ட எரிப்பு காற்றில் கைமீறி ஹெர்மிட்ஸ் பீக் தீயாகியிருந்தது. ஏப்ரல் 22 அன்று அடித்த பேய்க்காற்றில் இரண்டும் பெருகி ஒன்றாகின. ஆகஸ்ட் வரை அணையவில்லை. 3 லட்சத்து 41 ஆயிரம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. அந்த மாநில வரலாற்றிலேயே பெரிய தீ அது. மோரா, சான் மிகுவல் மாவட்டங்களில் தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்த குடும்பங்கள் வீடும் மேய்ச்சல் நிலமும் இழந்தன. ஜூலையில் பருவமழை வந்தபோது எரிந்த சரிவுகளிலிருந்து சாம்பலும் சேறும் கயினாஸ் ஆற்றில் இறங்கி, லாஸ் வேகாஸ் என்ற சிறு நகரத்தின் குடிநீரையே கெடுத்தன (நெவாடாவின் சூதாட்ட நகரம் அல்ல, நியூ மெக்ஸிகோவில் இருக்கும் ஊர்). திட்டமிட்ட எரிப்பே தப்பு என்று அப்போது பலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எரிக்காமல் விட்ட காடு இன்னும் மோசமாக எரியும். ஆனால் பனி மூடிய குவியல் அணைந்த குவியல் என்று யாரும் இனி எடுத்துக்கொள்ளக் கூடாது.

இது வனத்துறைக்கு மட்டுமான பாடமும் இல்லை. 2021 டிசம்பர் 30 அன்று போல்டர் பக்கத்தில் மார்ஷல் தீ ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை ஒரே நாளில் அழித்தது. இரண்டு பேர் இறந்தார்கள். மறுநாளே அந்தச் சாம்பல்மேல் பனி கொட்டியது. 2023-ல் வெளியான விசாரணை முடிவின்படி அந்தத் தீக்கு இரண்டு தொடக்கப் புள்ளிகள். ஒன்று, பிடியிலிருந்து கழன்று தளர்ந்த மின்கம்பி. மற்றது, சில நாள் முன்பு ஒரு வீட்டு நிலத்தில் குப்பையை எரித்து மண் போட்டு மூடிய இடம். மண்ணுக்கடியில் இருந்த கங்கைக் காற்று வெளியே எடுத்துவிட்டது.

ஆகவே கரி அடுப்பில் பார்பெக்யூ செய்பவர்கள், கணப்பில் விறகு எரிப்பவர்கள் தயவுசெய்து கேளுங்கள். சாம்பலை அட்டைப்பெட்டியிலோ பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியிலோ கொட்டாதீர்கள். செடிக்கு உரம் என்று தோட்டத்தில் போடாதீர்கள். மண் போட்டு மூடுவது அணைப்பதாகாது. தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் கொண்டுபோனால் சூடே தெரியாத நிலைக்கு வந்த பிறகு, மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வீட்டை விட்டுத் தள்ளி வையுங்கள். கங்கு பல நாள் உயிரோடு இருக்கும்.

காற்றில் வேகத்தைப்போலவே திசையும் முக்கியம். 2024 பிப்ரவரி 26 அன்று டெக்சஸ் பான்ஹேண்டிலில் தொடங்கிய ஸ்மோக்ஹவுஸ் க்ரீக் தீ முதலில் மேற்குக் காற்றில் கிழக்கு நோக்கி ஓடியது. நீளமான, ஒல்லியான தீ. மறுநாள் கோல்ட் ஃப்ரண்ட் (முன்னேறி வரும் குளிர்காற்றின் விளிம்பு) வந்து காற்று வடக்கிலிருந்து அடிக்கத் தொடங்கியதும், அதுவரை பக்கவாட்டில் மெதுவாக எரிந்துகொண்டிருந்த தெற்கு விளிம்பு முழுவதும் தீயின் முகமாக மாறித் தெற்கே பாய்ந்தது. பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்து, டெக்சஸ் வரலாற்றில் பெரிய தீயானது. இரண்டு பேரும் ஆயிரக்கணக்கான மாடுகளும் இறந்தன. 29-ஆம் தேதி அதே நிலத்தில் பனி விழுந்தது. புகை எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் பார்த்து “நம் பக்கம் வராது” என்று முடிவு செய்வது இதனால்தான் கூடாது. முன்னறிவிப்பில் காற்று எத்தனை மணிக்குத் திரும்பும் என்று போட்டிருப்பார்கள். தீயணைப்பு வீரர்களுக்கு நாங்கள் சொல்வதில் அவர்கள் முதலில் கேட்பது அந்த மணியைத்தான். நீங்களும் அதைத் தேடிப் படியுங்கள்.

இப்போது நம் வீடுகளுக்கு வருகிறேன். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா பகலில் தனியாக இருப்பார்கள். பிள்ளைகள் ஆபீசில், பேரப்பிள்ளைகள் பள்ளியில். அவர்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது, தெரிந்தாலும் இங்கே லைசன்ஸ் இருக்காது. வசந்தக் காற்று உச்சம் தொடுவதும் பகல் பதினொன்றிலிருந்து மாலை ஆறு வரைதான். மார்ஷல் தீயும் காலை பதினொரு மணி அளவில்தான் கிளம்பியது. பலருக்கு எச்சரிக்கைச் செய்தியே வந்து சேரவில்லை. அவர்களுக்கு வழி காட்டியது பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டியதுதான். உங்கள் கவுண்டியின் (மாவட்டத்தின்) அவசர அறிவிப்புச் சேவையில் செல்போன் எண்ணைப் பதிவு செய்யுங்கள். நிறையப் பேர் தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். பக்கத்து வீட்டில் யாரிடமாவது, “எங்கள் பெற்றோர் பகலில் தனியாக இருக்கிறார்கள், ஏதாவது என்றால் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்” என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். கூச்சப்படாதீர்கள், இங்கே யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பாஸ்போர்ட், மருந்து, கண்ணாடி மூன்றும் ஒரே பையில் இருக்கட்டும்.

கராஜ் கதவையும் காட்டிக் கொடுங்கள். மின்சாரம் போனால் பொத்தானை அழுத்தினால் திறக்காது. உள்ளே மேலே தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டுக் கையால் தூக்க வேண்டும். வயதானவர்களால் முடியுமா என்று ஒருமுறை செய்தே பாருங்கள். பெருங்காற்று நாளில் மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்துவதும் இப்போது வந்துவிட்டது. கொலராடோவில் 2024 ஏப்ரலில் முதன்முறையாக அப்படிச் சுமார் 55 ஆயிரம் இணைப்புகளை நிறுத்தினார்கள். கம்பி அறுந்து தீப்பிடிப்பதைவிட அது நல்லதுதான், நான் அதை ஆதரிக்கிறேன். ஆனால் இன்சுலின் வைத்திருப்பவர்களும், இரவில் மூச்சுக்கருவி போட்டுத் தூங்குபவர்களும் அதற்கு முன்னேற்பாடு செய்தாக வேண்டும்.

இதே காற்றில் சாலையில் இன்னோர் ஆபத்து, புழுதி. 2025 மார்ச் 14 அன்று கன்சாஸில் ஐ-70 சாலையில் புழுதிப்புயலுக்குள் எழுபதுக்கும் மேற்பட்ட வண்டிகள் மோதி எட்டுப் பேர் இறந்தார்கள். அதே நாளில் ஓக்லஹோமாவில் நூற்றுக்கும் மேற்பட்ட தீக்கள். எதிரே பழுப்புச் சுவர் தெரிந்தால் அதற்குள் போகாதீர்கள். மாட்டிக்கொண்டால் சாலையை விட்டு முழுவதுமாக இறங்கி நிறுத்தி, விளக்குகளை அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பின்னால் வருபவர் உங்கள் சிவப்பு விளக்கைப் பார்த்துச் சாலை அங்கேதான் இருக்கிறது என்று நினைத்து வந்து மோதுவார். நிறுத்தும் இடத்தில் காய்ந்த புல் உயரமாக இருந்தால் தவிர்த்துவிடுங்கள். சூடான வண்டியடி புல்லைப் பற்றவைக்கும்.

மலைக்குப் போகிறவர்களுக்குச் சுருக்கமாக. அடிவாரத்தில் 60 டிகிரி என்று சாதாரண டயரில் கிளம்பிவிடாதீர்கள். ஐ-70-ல் மலைப்பகுதிக்கான டயர் விதி மே 31 வரை அமலில் இருக்கிறது. ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேலே. மே மாதப் பனிப்பொழிவு அங்கே சாதாரணம். பெய்த பனியைக் காற்று ஒரு பக்கத்திலிருந்து வாரி, காற்று படாத மறுபக்கச் சரிவில் கட்டியாகக் குவிக்கும். வானம் தெளிவாக இருக்கும் நாளிலும் அந்தக் கட்டி ஓர் ஆளின் எடையில் உடைந்து சரியும். கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையம் தினமும் நிலவரம் வெளியிடுகிறது. அதைப் பார்க்காமல் பனிச்செருப்பு மாட்டிக்கொண்டு போகாதீர்கள். இதே காற்று பாலைவனப் புழுதியைக் கொண்டுவந்து தென்மேற்குக் கொலராடோவின் சான் ஹுவான் மலைப்பனியின்மேல் தூவுகிறது. அழுக்கான பனி வெயிலை உறிஞ்சி, சுத்தமான பனியைவிடச் சில வாரங்கள் முன்பே உருகி ஓடிவிடும். அப்படிப்பட்ட வருடத்தில் மலைக்காடுகள் ஜூனிலேயே காய்ந்து, ஜூலை மழைக்குக் காத்து நிற்கும்.

ஏப்ரல் 14 ஒட்டிய வார இறுதியில் பூங்காவில் புத்தாண்டு ஒன்றுகூடல் வைப்பவர்கள் சமையலைப் பற்றி முந்தைய நாள் மாலையே முடிவு செய்யுங்கள். வெதர் டாட் கவ் தளத்தில் உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டால் மணிவாரியாக ஈரப்பதமும் காற்றும் வரும். ரெட் ஃப்ளாக் இருந்தால் கரி அடுப்பு வேண்டாம், கேஸ் அடுப்பும் திறந்தவெளியில் வேண்டாம். சாம்பாரையும் பொங்கலையும் வீட்டிலேயே செய்து கொண்டுவரலாம். பந்தலை இறுக்கிக் கட்டுவதைவிடக் கூடாரமே இல்லாமல் இருப்பது பாதுகாப்பு. வாட்ஸ்ஆப் குழுவில் இதைப் போடும்போது எச்சரிக்கை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். இரவு எட்டு மணிக்கு முடிவதாக இருந்தால் எட்டு மணி வரை எதையும் பற்றவைக்க வேண்டாம்.