வளைவில் படம் திணறுவது ஏன்?

ரேஸ் கேமில் மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 50 மீட்டரைக் கடந்துவிடும். திரையில் நொடிக்கு 60 படங்கள் வந்தால், ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே கார் 83 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். 30 படங்கள்தான் என்றால் 1.67 மீட்டர். பிரேக் பிடிக்கும் இடத்தைக் கண் தேடும்போது இது பெரிய இடைவெளி. ரேஸ் கேமில் அழகைவிடச் சீரான ஓட்டமே முக்கியம் என்பது என் கட்சி.

60 படங்கள் வேண்டுமானால் ஒவ்வொன்றையும் 16.7 மில்லிநொடிக்குள் வரைந்தாக வேண்டும். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் 60 ஹெர்ட்ஸ் திரை, படத்தைத் திரையின் சுற்றோடு பொருத்தும் வி-சிங்க் போட்டிருக்கிறீர்கள், ஒரு படம் தயாராக 18 மில்லிநொடி ஆகிவிட்டது. கோத்தகிரி பஸ்ஸை ஒரு நிமிடத்தில் விட்டவர் அடுத்த பஸ்வரை நிற்பதுபோல, அந்தப் படமும் திரையின் அடுத்த சுற்றுவரை காத்துக் கிடக்கும். ஆக மொத்தம் 33.3 மில்லிநொடி. வளைவில் திணறல் வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

சரி, நேரத்தைத் தின்பது யார்? முதலில் நிழல். சூரியன் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் எது எதை மறைக்கும் என்று கணினி காட்சியைத் தனியாக ஒருமுறை வரைகிறது. ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்பக்கக் காட்சி இன்னொரு முறை. கார் பாடியில் தெரியும் பிரதிபலிப்புக்கு ஆறு திசைகளிலும் வரைகிற கேம்களும் உண்டு. கைவைக்க வேண்டியது இந்த மூன்றில்தான். சாய்வாகத் தெரியும் பரப்பைத் தெளிவாகக் காட்டும் அனிசோட்ரோபிக் ஃபில்டரிங்கை மட்டும் 16-லேயே விட்டுவிடுங்கள்; அது இல்லாவிட்டால் தூரத்துச் சாலை கலங்கிப் போகும், செலவும் சொற்பம்.

ஊட்டிக்காரர்களுக்கு ஒரு சங்கதி. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கணினியின் ஃபேன் ஒவ்வொரு சுற்றிலும் அள்ளிச் செல்லும் வெப்பமும் அதற்கேற்பக் குறையும். ஊர்க்குளிர் அதை ஈடுகட்டிவிடுகிறது. ஆனால் லேப்டாப்பைக் கம்பளிமேல் வைத்து ஆடினால் காற்று போகும் வழியே அடைபட்டு, சூடு ஏறி, சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்புறம் எந்த செட்டிங்கை மாற்றி என்ன பயன்?

செட்டிங்கில் ஒலிப் பக்கத்தைப் பலர் திறப்பதே இல்லை. ஊட்டி அருகே கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி வழுக்கத் தொடங்கினால் டிரைவரின் இடுப்பே அதை உணர்ந்துவிடும். நாற்காலியில் உட்கார்ந்து ஆடுபவருக்கு அந்த வசதி இல்லை. டயர் கிறீச்சிடுவதுதான் முக்கியமான தகவல். எனவே பாட்டைக் குறையுங்கள், டயர் ஒலியை ஏற்றுங்கள். இன்ஜின் ஒலியும் காது கேட்டுக் கியர் மாற்ற உதவும். நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் 6,000 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு 200 முறை வெடிக்கிறது. சில வேகங்களில் பதிவுசெய்த ஒலித்துண்டுகளைக் கலந்து, சுருதியை ஏற்றி இறக்கித்தான் பல கேம்கள் அந்த உறுமலை உண்டாக்குகின்றன.

ஹெட்போன் மாட்டியிருந்தால் ஒலி செட்டிங்கிலும் ஹெட்போன் என்றே தேர்ந்தெடுங்கள். பக்கவாட்டு ஒலி ஒரு காதைவிட மற்றொன்றை ஒரு மில்லிநொடிக்கும் குறைவான தாமதத்தில் அடைகிறது. எந்தப் பக்கம் கார் முந்துகிறது என்பதை மூளை அதை வைத்தும் கணிக்கிறது.

ஒலி படபடவென்று வெட்டினால் வால்யூமைத் திருகாதீர்கள். நொடிக்கு 48,000 மாதிரிகள் (ஒலி அலையின் அளவீடுகள்) கொண்ட ஒலியைக் கணினி சிறுசிறு துண்டுகளாக அனுப்புகிறது. 480 மாதிரிகள் கொண்ட துண்டு 10 மில்லிநொடிக்குத்தான் தாங்கும். அதற்குள் அடுத்தது வராவிட்டால் வெட்டு. பெரும்பாலும் பிராசஸர் மூச்சுமுட்டுவதே காரணம். அதன் வேலை குறைய, போட்டிக் கார்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கிப் பாருங்கள்.