லே-ஆஃப் என்றால் பணிநீக்கமா?

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை வாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். பஞ்சு வரவில்லை, ஆகவே 12 நாள்களுக்குத் 'தற்காலிகப் பணிநீக்கம்'. படித்துவிட்டு ஒரு அக்கா, "நீக்கம்னு போட்டிருக்குதுங்களே தம்பி, இனி எதுக்குங்க வர்றது?" என்று தூக்குப்போசியோடு பஸ் ஏறக் கிளம்பிவிட்டார்.

ஆனால் அவர் வந்தாக வேண்டும். அந்த அறிவிப்பு சொல்ல வந்தது லே-ஆஃப்: ஆளை வேலையைவிட்டு அனுப்பாமல், சில நாள் வேலை தர முடியாமல் போவது. லே-ஆஃப் காலத்தில் ஓராண்டுப் பணி முடித்தவருக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி உண்டு (பதிலி ஆட்களுக்கு இல்லை). ஆனால் நாளுக்கு ஒருமுறையாவது வேலை நேரத்தில் ஆலைக்கு வந்து நிற்காவிட்டால் அந்தப் பாதியும் போய்விடும். ஒரு தப்பான சொல் அவர் கூலியில் கைவைக்கிறது.

லே-ஆஃப் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ப்பொருள் 'ஒதுக்கிவைத்தல்'. தொழில் தகராறுகள் சட்டத்தில் 1953இல் சேர்ந்தது. கரி, மின்சாரம், மூலப்பொருள் இல்லாமலோ, சரக்குத் தேங்கியோ, எந்திரம் பழுதாகியோ முதலாளியால் வேலை தர முடியாமல் போவதுதான் லே-ஆஃப். ஆள் வந்து இரண்டு மணி நேரத்துக்குள் வேலை தராவிட்டாலே அன்றைக்கு லே-ஆஃப் கணக்கு. பெயர் மஸ்டர் ரோலில் (ஆலையின் ஆள் பதிவேட்டில்) அப்படியே இருக்கும். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2020இன் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் இதே பொருள்தான்.

இதில் 'நீக்கம்' எங்கிருந்து வந்தது? தானே விலகினால் நீங்குதல், பிறர் விலக்கினால் நீக்குதல். பணிநீக்கம் என்பது குற்றம் விசாரித்துத் தரும் தண்டனை. முன்னால் 'தற்காலிக' என்று ஒட்டினால் சரியாகிவிடும் என்கிறார்கள். ஆகாது, இன்னும் கெடும்! விசாரணை முடியும்வரை ஒருவரை வெளியே நிறுத்துவதற்குப் பணியிடைநீக்கம் என்ற சொல் இருக்கிறது. கேட்பவர் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழும். பஞ்சு வராததற்கு அந்த அக்கா செய்த குற்றம் என்ன?

செய்தித்தாள்களோ ஐ.டி. கம்பெனிகள் ஆயிரக்கணக்கானோரை அனுப்பினாலும் 'பணிநீக்கம்' என்றே போடுகின்றன. அமெரிக்க வழக்கில் லே-ஆஃப் நிரந்தர வேலையிழப்பையும் குறிக்கத் தொடங்கிவிட்டது. நம் சட்டத்தில் அது ஆட்குறைப்பு: ஒரு மாத நோட்டீஸ், பணி முடித்த ஆண்டொன்றுக்கு 15 நாள் சம்பளம். ஒழுங்கு நடவடிக்கைத் தண்டனை ஆட்குறைப்பில் சேராது என்று சட்டமே பிரித்துச் சொல்கிறது. அகராதியைத் திறக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் சட்டத்தையும் ஒருமுறை திறக்கக் கூடாதா?

என் பரிந்துரை 'வேலை வழங்காமை'. சட்டம் சொல்வதும் அதைத்தான். கொஞ்சம் நீளம், போகட்டும். அதுவும் பிடிக்காவிட்டால் தொழிலாளர்கள் வாயில் புழங்கும் லே-ஆஃபையே எழுதுங்கள். அந்த வாசலில் ஒட்டியிருக்க வேண்டியது: "பஞ்சு இல்லாததால் 12 நாள்கள் வேலை வழங்க இயலாது. தினமும் வந்து கையெழுத்திட்டால் பாதிச் சம்பளம் உண்டு."